ஆறாவது மெஷினின் பதினொரு நொடி

அலுவலகத்தில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மிளகாய் என்பார்கள். இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் தனக்குப் பொருத்தம் என்று அவளே நினைத்ததும் உண்டு. நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனுஷிக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்றால், அவளைச் சுற்றி இருக்கிறவர்களும் அதற்குக் கொஞ்சம் பாடுபட்டிருக்க வேண்டும். அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கோபக்காரி என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டால் அவள் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளும் வேலை மிச்சம், பாருங்கள்.

சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் காத்திருப்பது ஆகாது. பஸ் வரக் கால் மணி நேரம் ஆகும் என்றால் நடந்தே பள்ளிக்கூடம் போய்விடுவாள். பல் டாக்டரின் வாசலில் உட்காரச் சொன்னால் வலியோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். அம்மா பையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால், கடை முன்னால் நாலு பேருக்கு மேல் நிற்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்து, "தீர்ந்துபோச்சாம்மா" என்று பையை மூலையில் வீசுவாள். அம்மா நம்பிவிடுவாள். மூன்று வயது மூத்த அக்கா நம்பமாட்டாள். பையை எடுத்துக்கொண்டு போய், அரை மணி நேரம் நின்று, சாமானோடு வருவாள். காட்டிக்கொடுக்கவும் மாட்டாள். "இப்பத்தான் வந்து இறங்குச்சாம்" என்பாள் அம்மாவிடம். நாலு பேர் கூடின இடத்தில் யாராவது இந்தக் கதையை எடுத்தால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் மட்டும் எழுந்து போய்விடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, மற்றவர்களைக் காத்திருக்க விடாமல் பார்த்துக்கொள்வது. ஊரில் இருக்கும் அறுநூற்றுச் சொச்சம் மருந்துக் கடைகளில் எந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று போன் ஆப்பில் சொல்லும் நிறுவனம் அது. கடைக்காரர்கள் தினமும் காலையில் தங்களிடம் இருக்கும் சரக்கைப் பதிந்துவிடுவார்கள். ஜனங்கள் மருந்தின் பேரைத் தட்டுவார்கள். எந்தக் கடையில் எத்தனை அட்டை என்று திரை சொல்லும். பின்னால் இருந்து தேடிக் கொடுக்கிற சர்வர் அவள் பொறுப்பு. பதினாறு வருஷமாக மூன்றாவது மாடியில், ஏசி ஒழுகும் மூலையில், கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு அதைக் கட்டி மேய்த்தாள்.

வேலை சொல்லிக் கேட்டால் சுலபம். கடைகளை ஊரின் எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எட்டு மெஷின்களில் வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு மருந்தைக் கேட்டால், முன்னால் நிற்கும் சர்வர் எட்டு மெஷினையும் ஒரே நேரத்தில் கேட்கும். எட்டும் சொன்னதைச் சேர்த்துத் திரையில் போடும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை டாக்டர்கள் சீட்டு எழுதித் தள்ளுகிற நேரம். அப்போது கேள்விகள் வந்து குவியும், ஏதாவது ஒரு மெஷின் திணறும். அது மூச்சு வாங்கி முடிக்கும்வரை எல்லோரையும் நிறுத்தி வைக்க முடியாது என்பதற்காக ஒரு கெடு வைத்திருந்தார்கள். கெடுவுக்குள் வந்த பதில்களைக் காட்டு, வராத மெஷினை விட்டுவிடு.

இதில் போதாக்குறைக்குக் கடைக்காரர்களின் குசும்பு வேறு. எதிர்க்கடையில் என்னென்ன இருக்கிறது என்று வேவு பார்க்க, பெட்டியில் ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அந்த எழுத்தில் தொடங்கும் எல்லா மருந்தையும் எல்லாக் கடையிலும் தேடி, பாவம், மெஷின் நுரை தள்ளும். ஒரு கடைக்காரர் தினமும் காலையில் அகரவரிசையில் மொத்த எழுத்தையும் ஒரு சுற்று வருவார். அவரை அவள் போனில் கூப்பிட்டு, உங்களுக்கு எழுத்துப் பயிற்சி வேண்டுமானால் சிலேட்டு வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

மேலாளருக்குப் பச்சை என்று பேர். வைத்தது அவள்தான். அவர் வந்து நாலு வருஷம் ஆகிறது. வந்த மாதமே ஒரு பெரிய திரையை வாங்கிச் சுவரில் மாட்டினார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கட்டம், ஒழுங்காக ஓடினால் பச்சை, தவறு வந்தால் சிவப்பு. யார் வந்தாலும் முதலில் அந்தத் திரையின் முன்னால் நிறுத்தி வைத்துக் காட்டுவார். காய்ச்சல் பரவின இந்த வருஷம் கேள்விகள் மூன்று மடங்கு ஆயின. பக்கம் திறக்க நேரமாகிறது என்று புகார் வந்தது. பச்சை ஒரே போடாக, மூன்று நொடியாக இருந்த கெடுவை அரை நொடிக்கும் குறைவாக்கச் சொல்லிவிட்டார்.

"பாதி பதில் வராமப் போயிடும் சார்" என்று அவள் குதித்தாள்.

"ஜனங்க வெயிட் பண்ணமாட்டாங்க மேடம். தப்பா ஏதாவது வந்தா சிவப்பாகும்ல? அப்படி ஆச்சுன்னா பாத்துக்கலாம்."

சிவப்பாகவே இல்லை. இரண்டு மாதமாகச் சுவர் முழுக்க நெல் வயல் மாதிரி பச்சை. அவளுக்கே அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்த வாரம் வேறு எதற்கோ வேறு யாருடனோ சண்டை, அதில் இது நழுவிவிட்டது. இதற்கு நடுவில், கடையில் மருந்து இருக்கிறது, ஆப்பில் இல்லை என்கிறது என்று புகார்கள் வந்தன. அதை எல்லாம் அவள் கையாலேயே முடித்து வைத்தாள். கடைக்காரர் சரக்கைப் பதியவில்லை என்று ஒரே வாக்கியம். சோம்பேறிகள், காலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்து பதிய வலிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டே முடித்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை, மணி பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா காலையில் கூப்பிடுகிறவள் இல்லை. ஒரு துணிக்கடையின் பின்கட்டில் பேன்ட்டுக்கு மடிப்பு வைத்தும், சட்டையைப் பிடித்துக் கொடுத்தும் தையல் மெஷின் மிதிக்கிறவள். புருஷன் என்று ஒருவன் இருந்தான், பெண்ணுக்கு ஆறு வயதில் முதல் வலிப்பு வந்த வருஷம் அவனும் போய்ச் சேர்ந்தான். செத்துப்போகவில்லை, கிளம்பிப்போனான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. பெண்ணுக்கு இப்போது பதினொரு வயது. ஒரு இடத்தில் உட்காராது, அதனால் வாலு. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, தப்பவே கூடாது. அக்கா தப்பவிட்டதும் இல்லை. நாலு வருஷமாக வாலுக்கு வலிப்பு எட்டிப்பார்க்கவில்லை.

"எங்க இருக்க?" என்றாள் அக்கா.

"ஆபீஸ்லதான். ஏன்க்கா?"

"வாலு ஸ்கூல் படியில விழுந்துட்டா. வலிப்பு வந்துடுச்சு. முன்பல்லு ஒண்ணு போயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில இருக்கோம்."

பயம் வந்தாலும் அவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"மாத்திரை குடுத்தியா இல்லையா?"

"பாதி குடுத்தேன்."

"பாதின்னா?"

"தீர்ற மாதிரி இருந்துச்சு. எங்கயும் கிடைக்கல. கிடைக்கிற வரைக்கும் வரட்டுமேன்னு நாலு நாளா உடைச்சு உடைச்சுக் குடுத்தேன்."

"எங்கயும்னா எங்க தேடின?"

"உன் ஆப்புலதான். தினமும் ஒன்பதரைக்கு, மெஷின்ல உக்கார்றதுக்கு முன்னாடி பாப்பேன். எங்கும் இருப்பு இல்லைன்னே வந்துச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"காலையில கூப்பிட்டா கத்துவ. அதுவுமில்லாம நீ பாத்துக்கிற சர்வர். அது இல்லைன்னா இல்லைதானேன்னு விட்டுட்டேன்." அக்காவின் குரல் இறங்கியது. "ஊசி போட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. மதியம் பன்னண்டுக்குள்ள முழு மாத்திரை உள்ள போகணுமாம். இங்க பார்மசில இந்த மாத்திரை வர்றதில்லையாம். நான் இவளை விட்டுட்டு எங்க போய்த் தேடுவேன்?"

"வை. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்."

மாத்திரையின் பேரைத் தட்டினாள். எங்கும் இருப்பு இல்லை. இன்னொரு தடவை தட்டினாள். எங்கும் இருப்பு இல்லை. மூன்றாவது தடவையும் அதே. மற்றவர்களாக இருந்தால் அதோடு எழுந்திருப்பார்கள். அவள் கண் திரையின் மூலையில், பதில் வர எவ்வளவு நேரம் ஆனது என்று காட்டும் இடத்துக்குப் போனது. மூன்று தடவையும் ஒரே எண். ஒரு இழை கூடவில்லை, குறையவில்லை. எட்டு மெஷினும் முழுசாகத் தேடி முடித்திருந்தால் நேரம் முன்னே பின்னே இருக்கும். கெடு முடிந்து, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினால்தான் இப்படி அச்சடித்த மாதிரி வரும்.

சர்வரை ஓரமாகத் தள்ளிவிட்டு மெஷின்களை ஒவ்வொன்றாக அவளே நேரில் கேட்டாள். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. எட்டு வரைக்கும் கேட்டாள். ஏழு மெஷின்கள் சட்சட்டென்று இல்லை என்றன. ஆறாவது மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது மெஷின் என்றால் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள கடைகள். ஊரில் பாதிப் பேர் காலையில் அங்கேதான் கிடக்கிறார்கள், கேள்விகளும் அதன் தலையில்தான் விடிகின்றன. அவள் கெடுவை எடுத்துவிட்டு ஆறாவதை மறுபடியும் கேட்டாள். முடிகிற வரைக்கும் முடியட்டும் என்று கைகளைக் கட்டிக்கொண்டாள்.

பக்கத்து மேசைக்காரர் மெஷின்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர். எதற்கும் பதறமாட்டார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பேர். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்ன மேடம்?"

"பேசாதீங்க."

பதினொரு நொடி ஆனது. நாலு கடைகள் வந்தன. முதல் கடை, பெரிய ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. இருபத்திரண்டு அட்டை. காலை எட்டு மணி பத்து நிமிஷத்துக்குப் பதிந்தது. நேற்றும் பதிந்திருந்தார்கள். அதற்கு முந்தின நாளும்.

அக்காவைக் கூப்பிட்டாள். "வாசலுக்கு எதிர்ல பெரிய படிக்கட்டு வச்ச கடை இருக்குல்ல? அங்க இருக்கு. நர்ஸ்கிட்ட சொல்லிட்டு ஓடு."

"அந்தக் கடையா? அது பக்கத்துலதானே நான் தினமும் பஸ் ஏறுவேன்."

"உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா."

"இல்லைன்னு தெரிஞ்ச கடையில எதுக்குடி போய்க் கேப்பாங்க?" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

இருபது நிமிஷத்தில் செய்தி வந்தது. கையிலிருந்த ஒரு அட்டையைக் கடைக்காரர் கொடுத்துவிட்டார், மீதியை உள்ளிருந்து எடுத்து வைக்கிறேன், சாயங்காலம் வாருங்கள் என்றாராம். மாத்திரை உள்ளே போய்விட்டது. வாலு தூங்குகிறாள்.

இதோடு மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை, கொதித்தது. பதினொரு நொடி. ஒருத்தி தும்மி மூக்கைத் துடைத்துக்கொள்கிற நேரம். அதைக் காத்திருக்க மாட்டேன் என்று சொன்ன சர்வர், காத்திருக்கவில்லை என்பதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அது இல்லை என்று கூசாமல் சொல்லியிருக்கிறது. தேடாத இடத்தைத் தேடினதாகச் சொல்லியிருக்கிறது.

நிதானம் இதற்குள் ஆறாவது மெஷினைத் திறந்து பார்த்துவிட்டார். "மேடம், இதுல இப்ப தொள்ளாயிரம் தேடல் ஓடுது. அறுநூறுக்குக் கேட்ட ஆளே இல்ல."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"கெடு முடிஞ்சதும் சர்வர் கைகழுவிட்டுப் போயிடுது. ஆனா மெஷின்கிட்ட நிறுத்துன்னு யாரும் சொல்லல. அது பாட்டுக்கு யாருக்கோ தேடிக்கிட்டே இருக்கு. இல்லைன்னு பாத்தவங்க மறுபடி அழுத்தறாங்க. அது இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காய்ச்சல் மாத்திரை எல்லாக் கடையிலயும் இருக்கும், மத்த ஏழு மெஷின் சொல்லிடும். ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் கிடைக்கிற மருந்துன்னா..."

அபூர்வமான வியாதிக்காரர்களுக்கு மட்டும், அதுவும் அவர்கள் தேடுகிற அதே காலை நேரத்தில், இரண்டு மாதமாக அந்த ஆப் பொய் சொல்லியிருக்கிறது. சளிக்கு மருந்து கேட்டவனுக்கு நாற்பது கடையைக் காட்டியிருக்கிறது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிய வேகத்தில் அது வாளியில் இடித்துத் தண்ணீர் கொட்டியது. துடைக்க நிற்காமல் மேலாளரின் அறைக்குப் போனாள்.

பச்சை யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே வைத்தார்.

"ஆறாவது மெஷின் ரெண்டு மாசமா காலையில பதிலே சொல்லல சார். உங்க சுவர் அதைப் பச்சைன்னு காட்டுது."

"தவறு எண்ணிக்கை பூஜ்யம் மேடம். நீங்களே பாருங்க."

"கெடு தாண்டினதைக் காலிப் பட்டியல்னு கணக்குல எடுத்துக்குது. காலிப் பட்டியல் தப்பில்லையே, ஒழுங்கான பதிலாச்சே. அப்புறம் எப்படிச் சிவப்பாகும்? இல்லைங்கிறதும் தெரியலைங்கிறதும் ஒண்ணா சார்? என் அக்கா பொண்ணு இப்ப ஆஸ்பத்திரியில கிடக்கறா. மாத்திரை கடையில இருக்கு, நாம இல்லைன்னு சொன்னோம். பக்கம் வேகமாத் திறக்குதுன்னு போன வாரம் நீங்க மேலிடத்துக்கு எழுதினீங்களே, எதுக்கு வேகமாத் திறக்குது தெரியுமா? வேலையே செய்யாததால திறக்குது."

பச்சைக்கு முகம் சுருங்கியது. கெட்ட மனுஷர் என்று சொல்லிவிட முடியாது, அப்படிச் சொல்ல முடிந்தால் எனக்கும் எழுதச் சுலபமாக இருக்கும். பயந்த மனுஷர். பயந்தவர்கள் எப்போதும் செய்கிற மாதிரி அவரும் அடுத்த கதவைத் தேடினார்.

"கெடுவைக் குறைக்கச் சொன்னது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா கெடு தாண்டினா காலிப் பட்டியல் குடுன்னு நான் சொல்லலையே. அது யாரோ எழுதினதுதானே? யார் எழுதினது?"

யார் என்று அவளுக்கு ஒரு நிச்சயம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலையை விட்டுப் போன ஒருவன் இருந்தான். வாயில் எப்போதும் பபிள்கம், எதைக் கேட்டாலும் ஆயிடும் ஆயிடும் என்பான். இன்று வரை சர்வரில் எது முறிந்தாலும் அவன் தலையில்தான் கட்டுவாள். அந்த வரியைத் தேதியோடு, பேரோடு அச்செடுத்து வந்து மேலாளரின் மேசையில் அறைவது, இதோ உங்கள் ஆள் என்று சொல்வது, அதன் பிறகு கெடுவைப் பற்றிப் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இடத்துக்கு வந்தாள்.

எந்த வரியை யார், எப்போது எழுதினார்கள் என்பது நிரலின் பழைய பதிவுகளில் அழியாமல் இருக்கும். திறந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முந்தின தேதி. அவன் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம். பேர் இருக்கும் இடத்தில் அவளுடைய பேர்.

பக்கத்தில் அவளே எழுதி வைத்த குறிப்பும் இருந்தது. "லோடு அதிகம். இப்போதைக்குக் காலி என்று கொடு. பிறகு பார்க்கலாம்."

அந்தக் காலை அவளுக்கு நினைவு வந்தது. ஒரு மெஷின் திணறிப் பக்கம் மொத்தமும் தொங்கிப்போயிற்று. எல்லோரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று எப்போது சரியாகும், எப்போது சரியாகும் என்று பிடுங்கினார்கள். வராத பதிலை வரவில்லை என்று தனியாகக் குறித்து, அதைத் திரைவரை கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நாள் வேலை இருந்தது. ஒரு நாள் உட்கார அவளுக்குப் பொறுமை இல்லை. அஞ்சு நிமிஷத்தில் ஒரு வரியைப் போட்டாள். பக்கம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் சாப்பிடப் போனாள். கெடு மூன்று நொடியாக இருந்தவரை அந்த வரிக்கு அதிகம் வேலை வரவில்லை. கெடுவைக் குறைத்ததும் தினமும் வேலை வந்தது.

நிதானம் பக்கத்திலிருந்து திரையைப் பார்த்துவிட்டார். துடைப்பானை எடுத்து வந்து அவள் கொட்டிய தண்ணீரைத் துடைக்கத் தொடங்கினார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. யாராவது திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். புகார் கொடுத்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக மனசில் வந்து நின்றார்கள். சோம்பேறிகள் என்று யாரைச் சொன்னோம் என்று நினைத்தபோது காது சுட்டது.

அன்று அவள் சாப்பிடப் போகவில்லை. அனுமதி கேட்கவும் இல்லை. நிதானத்தை அருகில் உட்கார வைத்துக்கொண்டு அந்த ஒற்றை வரியை அழித்தாள். அழிப்பது ஒரு நொடி வேலை, அதன் இடத்தை நிரப்ப நாலு மணி நேரம் ஆயிற்று. கெடு முடிந்தால், போதும் நிறுத்து என்று மெஷினுக்கும் சொல்லியனுப்ப வழி செய்தாள், ஆளில்லாத தேடல்கள் அப்போதைக்கப்போது செத்துப்போகும்படி. மெஷின் தாங்காத அளவுக்குக் கேள்விகள் குவிந்தால் உள்ளே விட்டுக் கழுத்தை நெரிக்காமல், வாசலிலேயே கூட்டம் அதிகம், ஒரு நிமிஷம் கழித்து வாருங்கள் என்று சொல்ல வைத்தாள். ஒற்றை எழுத்துக்காரர்களுக்குக் காலை வேளையில் கதவைச் சாத்தினாள். கெடுவை மறுபடி மூன்று நொடியாக்கினாள். அதற்கும் ஒரு மெஷின் வரவில்லை என்றால் திரையில் என்ன எழுத வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கடைசி வரை இழுத்தது. பல தடவை எழுதி அழித்து, கடைசியில் இப்படி வைத்தாள்: "எட்டுப் பகுதிகளில் ஏழில் தேடினோம், அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிப் பகுதியில் இன்னும் தேடி முடியவில்லை. இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அந்தப் பகுதிக் கடைகளின் போன் எண்கள் கீழே."

மூன்றரைக்கு அதை ஏற்றினாள். சாயங்கால டாக்டர்கள் உட்காருகிற நேரம் தொடங்கியதும் சுவரில் முதலில் ஆறாவது கட்டம் சிவந்தது. கொஞ்ச நேரத்தில், சாயங்கால கிளினிக்குகள் நிறைந்த பகுதியான இரண்டாவது. அப்புறம் மூன்றாவது. பச்சை அறையிலிருந்து வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? மூணு சிவப்பு."

"ரெண்டு மாசமா சிவப்புதான் சார். இன்னைக்குத்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது."

"நாளைக்கு மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது?"

"மெஷின் பத்தலைன்னு சொல்லுங்க. ஆறாவதை ரெண்டாப் பிரிக்கணும்னு சொல்லுங்க. நானே வந்து சொல்றேன்." சுவரை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "அந்தக் காலிப் பட்டியல் வரி யார் எழுதினதுன்னு கேட்டீங்களே. நான்தான். ஒன்பது வருஷம் முன்னாடி."

அவருடைய தோள் கொஞ்சம் தளர்ந்தது. மூச்சை விட்டார். அந்த மூச்சை அவளால் பொறுக்க முடியவில்லை.

"சந்தோஷப்படாதீங்க சார். வரி என்னுது, கெடு உங்களுது. மறுபடி குறைச்சீங்கன்னா அதையும் எழுதித்தான் சுவர்ல ஒட்டுவேன்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஆறு மணி இருக்கும். இரண்டாவது மாடியில், ஜன்னலோரக் கட்டில். வாலு உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது, வாயைத் திறந்தால் நடுவில் ஒரு சந்து தெரிந்தது. அந்தச் சந்தில் நாக்கை நுழைத்து நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இந்தப் பல்லு மறுபடி முளைக்காதாம்" என்றாள். "டாக்டர் சொல்லிட்டாரு. கட்டுப்பல்லுதான் வைக்கணுமாம்."

அவளால் அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. அக்கா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, ரத்தம் அலசிய பள்ளிச் சட்டையைக் கம்பியில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஓயாதவள், ஒரு பித்தான் தளர்ந்திருப்பதை அந்த நேரத்திலும் பார்த்துவிட்டாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னாள். எட்டு மெஷின், கெடு, ஆறாவது, பதினொரு நொடி, எல்லாம். மேலாளர் குறைத்ததைச் சொன்னாள். அதை முதலில் சொன்னோமே என்று வெட்கப்பட்டு, தான் எழுதிய வரியையும் சொன்னாள். வராத பதிலை இல்லை என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதினது நான்தான், அப்போது அதைச் சரியாகச் செய்யப் பொறுமை இல்லை, அப்புறம் மறந்தும் போனேன் என்றாள். இவ்வளவையும் வழக்கமான எரிச்சல் குரலில்தான் சொன்னாள், வேறு குரல் அவளிடம் இல்லை.

அக்கா பித்தானைத் திருகிக்கொண்டே கேட்டாள். மெஷின் விஷயம் அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப, கடையில கூட்டமா இருந்துச்சு. அதான் இல்லைன்னு சொல்லிட்டு வந்துடுச்சு. அப்படித்தானே?"

"ஆமாக்கா."

அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்ணில் அவ்வளவு கோபத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் என்பது குடும்பத்தில் தனக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பல்லாம் நீ இல்லைன்னு வந்து சொன்னா நான் நம்பினதே கிடையாது. பையை எடுத்துக்கிட்டு நானே போவேன்" என்றாள் அக்கா. "இப்ப நம்பிட்டேன். பெரிய ஆளாயிட்டேல்ல, அதனால நம்பிட்டேன்."

வாலு நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அக்கா தலையணைக்கு அடியிலிருந்து டாக்டரின் சீட்டை எடுத்தாள். கட்டில் கம்பியில் மாட்டியிருந்த பையையும் எடுத்தாள். இரண்டையும் அவள் மடியில் வைத்தாள். "மீதி மாத்திரையை எடுத்து வைக்கிறேன்னு சொன்னாரு. போய் வாங்கிட்டு வா."

அவள் படியிறங்கி, வாசலைக் கடந்து, தெருவைத் தாண்டினாள். சாயங்காலக் கூட்டம், பெரிய படிக்கட்டு வைத்த கடையின் முன்னால் வரிசை ஆஸ்பத்திரிச் சுவர்வரை நீண்டிருந்தது. பழக்க தோஷத்தில் எண்ணினாள். பதினாலு பேர். முன்னால் ஒரு கிழவர் ஒவ்வொரு மாத்திரையையும் எதற்கு எதற்கு என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கவாட்டிலிருந்து நைசாக நுழையப் பார்த்த ஒருவனை அவள் பார்த்த பார்வையில் அவன் நழுவிப் போய்விட்டான்.

பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பதினைந்தாவது ஆளாகப் போய் நின்றாள்.